வாத்துக்குக் குளிருமா?

மார்கழியில எங்க ஊர்ல 20 டிகிரிக்கு வந்தாலே அப்பா மப்ளரை எடுத்துடுவார். ஒரத்தநாடு பக்கம் இதுதான் கடுங்குளிர். அந்த ஊர்லேர்ந்து வந்து பொட்டி தட்டிக்கிட்டிருந்த என்னை, ஆறு மாசம் ஆன்சைட்டுன்னு மினியாபொலிஸ் அனுப்பினாங்க. அதுவும் குளிர்காலத்துல. அவ்வ்வ்.

நான் குடியிருந்த வீட்டுக்காரர் கொல்லையில ஆறு வாத்து வளர்த்தார். ஜனவரியில அவசரமா ரெண்டு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. "நீ விவசாயக் குடும்பம்தானே, பாத்துக்கிறியா?"ன்னு கேட்டார். தஞ்சாவூர்க்காரன்கிட்ட போய் வாத்துத் தெரியுமான்னு கேட்டா என்ன சொல்வான்? பெருமையா மண்டையை ஆட்டிட்டேன். அப்புறம்தான் போனைப் பாத்தேன். ராத்திரி மைனஸ் 24.

பயம் குளிரைப் பத்தி மட்டும் இல்லை. வாத்து விஷயத்துல எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு.

குறுவை அறுப்பு முடிஞ்சதும் எங்க ஊருக்கு வாத்துக்காரங்க வருவாங்க. லாரியில ஆயிரக்கணக்குல வந்து இறங்கும். அறுத்த வயல்ல சிந்தின நெல்லு, நத்தை, புழு பூச்சி எல்லாத்தையும் மேஞ்சுட்டு, சாயங்காலம் வரப்போரமா வலை கட்டின பட்டியில அடையும். விடியறதுக்குள்ள முட்டை விட்டுடும். அதுல பெரும்பகுதி கேரளாவுக்குப் போயிடும். ஆரணி, சன்னியாசி, கீரின்னு நம்ம ஊர் வாத்துலயே ரகம் உண்டு. ஒரு நீளக் கழியை மட்டும் வச்சுக்கிட்டு அத்தனை வாத்தையும் ஒருத்தர் ரோட்டைத் தாண்ட வைக்கிறதைப் பாக்கணும். எங்க புராஜெக்ட் மேனேஜரால பன்னெண்டு பேரை ஒரு மீட்டிங்குக்குக் கூட்ட முடியலை :-)

நான் நாலாவது படிக்கும்போது அப்பாயி அவங்ககிட்ட பத்து முட்டை வாங்கிக் கோழிக்கு அடை வச்சுச்சு. நம்ம வாத்துங்க முட்டை விடும், ஆனா உக்காந்து அடைகாக்கிற பொறுமை அதுங்களுக்குக் கிடையாது. கோழிக்கு 21 நாள் கணக்கு, வாத்து முட்டைக்கு 28. பாவம் அந்தக் கோழி ஒரு வாரம் ஓவர்டைம் பாத்துச்சு. எட்டு பொரிச்சுது. மஞ்சப் பஞ்சு மாதிரி எட்டு குஞ்சு.

அஞ்சாம் நாள், வீட்ல யாரும் இல்லாத நேரமாப் பாத்து, வாத்துன்னா நீந்தணுமேன்னு எட்டையும் அண்டாத் தண்ணில விட்டேன். அழகா நீந்துச்சுங்க. தாய்க்கோழி அண்டாவைச் சுத்திச் சுத்திக் கத்துச்சு. அரை மணி நேரம் கழிச்சு மழை தூற ஆரம்பிச்சதும், ஈரத்தோட வாரிக் கூடையில துணி மேல போட்டுத் திண்ணையில கவுத்துட்டேன். கோழியை உள்ளே விடணும்னு தோணலை. காலையில எட்டும் விறைச்சுக் கிடந்துச்சு. "பனி அடிச்சிருக்கு"ன்னு அப்பாயி சொல்லுச்சு. நான் வாயே திறக்கலை.

பெரிய வாத்துக்கு வால் அடியில எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. அலகால அந்த எண்ணெயை எடுத்து இறகு பூராவும் பூசிக்கிறதால தண்ணி உள்ளே இறங்காது. குஞ்சுக்கு வெறும் தூவிதான். முதல் வாரம் 32 டிகிரி சூடு வேணும், நனைஞ்சா உடனே தாய்க்கு அடியில போய்க் காயணும். இதெல்லாம் காலேஜ் படிக்கும்போதுதான் தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சு என்ன பண்ண.

சரி, மினியாபொலிஸுக்கு வருவோம். முதல் நாள் ராத்திரி வாத்துங்களைக் கொட்டகையில அடைச்சேன். சுவத்து மேல ரெண்டு ஓட்டை. அது வழியா வர்ற காத்து கத்தி மாதிரி இருந்துச்சு. நம்ம மூளைதான் வேலை செய்யுமே, பழைய துண்டைச் சுருட்டி ரெண்டையும் அடைச்சுட்டு, ஜம்முன்னு இருக்கட்டும்னு வந்து படுத்தேன்.

தூக்கம் வரலை. ரெண்டு மணிக்கு எழுந்து போய் டார்ச் அடிச்சா, கூரை உள்பக்கம் வெள்ளையா பூத்திருக்கு. வாத்து மூச்சு, எச்சத்தோட ஈரம், எல்லாம் வெளியே போக வழியில்லாம உறைஞ்சிருக்கு. வைக்கோல் தொட்டா சில்லுன்னு ஈரம். எனக்கு அந்தக் கூடை ஞாபகம் வந்துடுச்சு.

துண்டை உருவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே மதியம் ஒன்றரை. அப்பா விஷயத்தைக் கேட்டுட்டு அப்பாயிகிட்ட குடுத்துட்டார்.

"ஈர வைக்கோலை அள்ளி வெளிய போடு. காஞ்சது முழங்கால் ஒசரத்துக்குப் போடு. காத்து மேலாப்ல போகணும், வாத்து மேல அடிக்கக் கூடாது. அம்புட்டுதான்."

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்ச ராத்திரியும் அப்பாயி இதைத்தான் செஞ்சுதாம். தென்னையெல்லாம் முறிஞ்சு விழுந்துக்கிட்டிருக்கு, வாத்து நாலையும் நெல்லு ரூமுக்குள்ள வைக்கோல் போட்டு அடைச்சு வச்சிருக்கு. நாலும் பொழைச்சுது.

வைக்கிறதுக்கு முன்னாடி அப்பாயி சாதாரணமா சொல்லுச்சு: "அந்த எட்டுக் குஞ்சு கெடந்த கூடையில துணி நனைஞ்சிருந்துச்சு தம்பி. மழை திண்ணைக்கு வரலை. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"ஏன் கேக்கலை அப்பாயி?"

"நீ மூணு நாளு சோறு திங்கலையே."

மைனஸ் 24ல கண்ணுல தண்ணி வந்தா இமை ஒட்டிக்கும். அனுபவத்துல சொல்றேன்.

காலையில போய்ப் பாத்தேன். ஆறும் இருந்துச்சு. ஒரு முட்டை உறைஞ்சு வெடிச்சிருந்தது. தண்ணி வாளி பாறையாயிடுச்சு. வாத்துக்கு மூக்குத் துளை முங்கற அளவுக்குத் தண்ணி வேணும், கண்ணையும் மூக்கையும் அதுலதான் கழுவிக்கும். அதனால அன்னிக்கு நாலு தடவை வெதுவெதுன்னு தண்ணி சுமந்தேன். ராத்திரிக்குக் கொஞ்சம் கூடுதலா மக்காச்சோளம். தீனி செரிக்கையில உடம்பு சூடு கிளம்பும்.

அதுங்க பாட்டுக்குப் பனியில வெறுங்காலோட நடந்துச்சு. உடம்புலேர்ந்து காலுக்கு இறங்கற சூடான ரத்தம், பாதத்துலேர்ந்து ஏறுற குளிர்ந்த ரத்தத்தை ஒட்டியே ஓடுது. சூடு வழியிலேயே கைமாறி உடம்புக்குத் திரும்பிடும், பாதம் உறையாம இருக்கற அளவுக்கு மட்டும் கீழே போகும். என்ன டிசைன் பாருங்க! ஆனா அதுக்கும் எல்லை உண்டு. ஈரத்துல நின்னா விரல் கருகிடும்.

அப்பாயிக்கு வீடியோ கால்ல காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா எண்ணுச்சு.

"அந்த ஓரத்துல நிக்குதே, அதுக்கு ஒரு காலைக் காணோமேடா?"

"இறகுக்குள்ள மடிச்சு வச்சிருக்கு அப்பாயி."

"எறக்கட்டும், பாத்துட்டு வைக்கிறேன்"னு சொல்லுச்சு. கை விறைக்க விறைக்க, அந்த வாத்து காலை இறக்கற வரைக்கும் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.