கோழிக்கும் இரவு வேண்டும்

கூலிம் ஹைடெக் பூங்காவில் 2017-இல் ஓஸ்ராம் நிறுவனம் எல்இடி சில்லுத் தொழிற்சாலையைத் திறந்தது. இரவுப்பணிக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் நிறைந்த என் வகுப்பில், எல்இடி விளக்குகள் முட்டைக்கோழிப் பண்ணைகளிலும் எரிகின்றன என்றேன். “ஐயா, அப்படியென்றால் கோழி எப்போது தூங்கும்?” என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி, பெற்றோர்களே!

கெடாவில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே. முட்டை குறையாதிருக்க 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டுமென்று, மிச்சத்தை விளக்கால் நிரப்புகின்றனர். ஒளி கோழியின் மண்டையோட்டையே ஊடுருவி மூளையைத் தூண்டுகிறது. கண்ணை மூடினாலும் தப்ப வழியில்லை. கடும் வெளிச்சத்தில் ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்குவதும் மிகும்.

ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல், நாளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இடையறாத இருளையும், விளக்கணையுமுன் கோழிகள் அடங்குவதற்கு அந்திபோன்ற மங்கலையும் விதித்தது. பொழுது சாய்ந்ததும் பஞ்சாரத்தைக் கவிழ்த்த நம் தோட்டத்துப் பாட்டிமார் இதற்கொரு சட்டமா என்று சிரித்திருப்பர்.