நெகிழ்தட்டின் விலை

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது 1956 நவம்பரில். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஐபிஎம் தன் ராமாக் கணினியை அறிவித்திருந்தது. வன்தட்டோடு வந்த முதல் கணினி அது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள்; எல்லாம் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகள். முழு அமைப்புக்கும் மாத வாடகை 3,200 டாலர். 1980இல் சீகேட்டின் 5 மெகாபைட் வன்தட்டு கையில் தூக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அப்போதும் விலை 1,500 டாலர்.

எங்கள் நகரியத்தில் இந்தக் கணக்கெல்லாம் 1.44 எம்பி நெகிழ்தட்டாகத்தான் வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒன்றை 25 ரூபாய்க்கு வாங்கினேன். அந்தக் காசுக்கு ஒரு சிற்றிதழ் வாங்கிவிடலாம். ஆகவே எவரும் எதையும் சும்மா சேர்த்து வைக்கவில்லை. சிலேட்டைப் போல அழித்தழித்து எழுதினோம்.

தமிழும் அன்று சிக்கனமாகவே குடியிருந்தது. டிஸ்கி குறியீட்டில் 'நெய்வேலி' என்ற சொல்லுக்கு 7 பைட் போதும். இன்றைய ஒருங்குறியில், யூடிஎஃப்-8 முறையில், அதே சொல் 24 பைட் கேட்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் டிஸ்கியில் வெளியிட்ட பழந்தமிழ் நூல்களை மெயின் பஜார் பக்கமிருந்த இணைய மையத்தில் இறக்கி, ஒரே தட்டில் நெருக்கி அடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். புது நூல் வேண்டுமென்றால் பழையது ஒன்று வெளியேற வேண்டும். சங்கப் பாடலா, சித்தர் பாடலா என்று தீர்ப்பு வழங்க நான் யார்? ஆனாலும் வழங்கினேன்.

சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரத்தில் ஷிப்ட் பார்த்த நண்பர் ஒருவர் சிறுகதைகள் எழுதுவார். மேல்மண்ணை அகற்றும் இரவுகளைப் பற்றி அவரைப்போல எழுதியவரை நான் வாசித்ததில்லை. கதைகளை ஒரு டிடிபி கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்தார். கைப்பிரதி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கில்லை. பணம் புரட்டித் தொகுப்பு போட ஓராண்டு கழித்துப் போனபோது, அந்தத் தட்டுகளில் கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலியைக் கொடுத்தவர் தட்டுக்குக் காசு கொடுக்கவில்லை; தட்டு கடையுடையது. நண்பர் அதன்பின் எழுதவில்லை. 2003இல் காலமானார்.

பிழை திருத்தத்துக்காக எடுத்த டாட் மேட்ரிக்ஸ் தாள்கள் மூன்று அவர் மனைவியிடம் இருந்தன. ஒரு கதையின் நடுப்பகுதி மட்டும். மை வெளுத்துவிட்டது. சென்ற மாதம் ஒருங்குறியில் தட்டச்சு செய்தேன். 16 கேபி வந்தது. இரண்டு சொற்கள் இன்னும் பிடிபடவில்லை. அந்த இடங்களைப் புள்ளி வைத்து விட்டிருக்கிறேன்.