அடையாற்றில் ஓர் அலமாரி

திரு.வி.க. பாலத்தின் இரைச்சலைத் தாண்டி, பிரம்மஞான சபையின் வாசலுக்குள் நுழைந்தால், யாரோ நம் காதில் பஞ்சை வைத்து அடைத்துவிட்டது போல் இருக்கிறது. ஒரு பக்கம் ஆறு, அதற்கப்பால் கடல், நடுவே இருநூற்றைம்பது ஏக்கருக்கு மேல் மரமும் நிழலும்தான்.

என்னுடன் இரண்டு நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இன்னொருவர் ஓய்வு பெற்ற வக்கீல். வக்கீல்கள் ஓய்வு பெறுவதுண்டா என்று நீங்கள் கேட்கலாம். கோர்ட்டுக்குப் போவதைத்தான் அவர் நிறுத்தியிருக்கிறார். குறுக்கு விசாரணையை நிறுத்தவில்லை.

எல்லோரையும் போல நாங்களும் முதலில் ஆலமரத்தைப் பார்க்கத்தான் போனோம். அதன் தாய்மரம் 1989-ல் புயலில் சாய்ந்துவிட்டது. சுற்றிலும் விழுதுகளே மரங்களாகி நிற்கின்றன. வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அடிமரம் போனாலும் விழுது தாங்குகிறது என்றுதானே சொல்லப் போகிறீர்? அந்த உவமானம் வேண்டாம், ஸார்!" என்றார் வக்கீல்.

தலைமை நிலையத்துக் கூடத்தில் பிளாவட்ஸ்கி அம்மையார் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தாடியுடன் கர்னல் ஆல்காட் நிற்கிறார். அம்மையாரின் சிலை 1899-ல் வைக்கப்பட்டது. சத்தியத்துக்கு மேலான சமயம் இல்லை என்பது சபையின் மூலமந்திரம். அதை வக்கீல் சற்று அதிக நேரமே உற்றுப் பார்த்தார்.

ருஷ்யச் சாம்ராஜ்யத்தில் 1831-ல் பிறந்தவர் இந்த அம்மாள். 1875-ல் நியூயார்க்கில் ஆல்காட்டுடன் சபையைத் தொடங்கினார். 1879-ல் பம்பாய்க்கு வந்தார். 1882-ல் அடையாற்றங்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற 27 ஏக்கர் நிலத்தைச் சபை வாங்கியது. திபேத்தில் வாழும் மகாத்மாக்கள் தமக்கு வழிகாட்டுவதாக அம்மாள் சொன்னார். அந்த மகாத்மாக்களிடமிருந்து கடிதங்களும் வந்தன. ஆனால் தபால்காரர் கொண்டுவந்தவை அல்ல. சில கூரையிலிருந்து விழும். சில மாடியில் ஓர் அறைச் சுவரில் மாட்டியிருந்த அலமாரிக்குள் தோன்றும்.

அந்த அலமாரியைப் பற்றிய கதை ஒன்று கேளுங்கள். 1883-ல் ஊட்டியிலிருந்து ஜெனரல் மார்கன் என்பவர் வந்தார். வீட்டு நிர்வாகி எம்மா கூலோம் அலமாரிக் கதவைத் திறந்ததும், உள்ளேயிருந்த பீங்கான் தட்டு விழுந்து உடைந்தது. துண்டுகளைப் பொறுக்கி உள்ளே வைத்து மூடினார்கள். சற்று நேரம் கழித்துத் திறந்தால் முழுத் தட்டு! கூடவே மகாத்மாவின் சீட்டு!

மறு வருஷம் அம்மையாரும் ஆல்காட்டும் ஐரோப்பா சென்றிருந்தபோது எம்மாவும் அவள் புருஷனும் வெளியேற்றப்பட்டார்கள். 1884 செப்டம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் இடி விழுந்தது. இந்த மாயங்களை எப்படிச் செய்ய வேண்டும் என்று அம்மையாரே தனக்கு எழுதியவை என்று சொல்லி எம்மா கொடுத்த கடிதங்கள் அதில் அச்சாகியிருந்தன. லண்டனிலிருந்து ரிச்சர்டு ஹாட்ஜ்சன் என்ற இளைஞர் விசாரிக்க வந்தார். அலமாரிச் சுவருக்கு மறுபுறம் அம்மையாரின் படுக்கையறை. அதே மாதிரித் தட்டுகள் சென்னைக் கடையில் ஜோடியாக வாங்கப்பட்டிருந்தன. இப்படி அடுக்கிக்கொண்டே போனார். சரித்திரத்திலேயே கெட்டிக்காரப் புரட்டர்களில் ஒருவர் என்பதாக 1885-ல் தீர்ப்பு எழுதிவிட்டார். போதாததற்கு ருஷ்ய ஒற்றர் என்று வேறு சந்தேகப்பட்டார்!

"முடிந்ததா கேஸ்?" என்றேன் நான்.

"எங்கே முடிந்தது? அலமாரி என்ன ஆயிற்று தெரியுமா? சபைக்காரர்கள் சிலரே அதை எரித்துவிட்டார்கள். சாட்சிப் பொருளை எரிக்கிற கட்சிக்காரனுக்காக நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால், எதிர்க்கட்சியையும் நம்ப முடியவில்லை. அறைச் சாவிகள் எம்மாளின் புருஷன் கையில் இருந்தன. அவன் தச்சுவேலை தெரிந்தவன். ரகசியப் பலகைகளை அம்மாள் சொல்லிச் செய்தானா, அம்மாள் கப்பலேறிய பின் செய்தானா? எம்மாள் ஜெனரல் மார்கன் மேல் மானநஷ்ட வழக்குப் போட்டாள். 1885 மார்ச்சில் அம்மாள் அடையாற்றை விட்டுப் போனார், வழக்கும் வாபஸ்! அம்மாள் வழக்குத் தொடர விரும்பியபோது சபையார் தடுத்தார்கள். ஆல்காட்டே ஒரு வக்கீல், ஐயா! இரண்டு பேருமே கூண்டில் ஏறவில்லை."

ஒரு நூற்றாண்டு கழித்து, 1986-ல், வெர்னன் ஹாரிஸன் என்ற கையெழுத்து நிபுணர், ஹாட்ஜ்சனை அனுப்பிய அதே சங்கத்தின் சஞ்சிகையில் அவருடைய அறிக்கையைப் பிய்த்து உதறினார். ஹாட்ஜ்சன் பாரபட்சமாக நடந்தார், கையெழுத்துச் சான்று தேறாது என்பது அவர் கட்சி. ஆனால் எம்மா கொடுத்த மூலக் கடிதங்கள் காணாமலே போய்விட்டன. அவற்றை அவரும் பார்க்கவில்லை.

எனக்கென்னவோ அம்மையாரிடம் கதாசிரியர் ஒருவர் குடியிருந்தார் என்றே தோன்றுகிறது. ருஷ்யப் பத்திரிகைகளுக்கு அவர் எழுதிய இந்தியப் பயணத் தொடர்கள் அங்கே வெகு பிரசித்தம். நீலகிரித் தோடர்களைக்கூட அமானுஷ்ய சக்தி படைத்தவர்களாக எழுதி வைத்தார். எருமை மேய்த்துக்கொண்டிருந்த மனிதர்கள் அதைப் படித்திருந்தால் சிரித்திருப்பார்கள். எல்லாமே சிரிப்புக்குரியது என்றும் சொல்ல மாட்டேன். மனித குலத்தை மூல இனங்களாகப் பிரித்து அவர் 1888-ல் எழுதியதை, பிற்பாடு ஜெர்மனி, ஆஸ்திரியாவில் சில இனவெறியர்கள் தங்களுக்குச் சாதகமாக வளைத்துக்கொண்டார்கள். அதே அம்மையாரின் புஸ்தகத்தைப் படித்துத்தான் அன்னி பெஸன்ட் மனம் மாறினார். லண்டனில் சட்டம் படித்த காந்தியை முதன்முதலாகக் கீதையைப் படிக்கத் தூண்டியவர்களும் பிரம்மஞானிகளே.

வாத்தியார் அதுவரை பேசவே இல்லை. வெளியே வந்து நடக்கும்போதுதான் சொன்னார்:

"எங்கள் பாட்டனாரை எந்தத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் ஏற்றவில்லை, ஸார். ஆல்காட் துரை 1894-ல் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று இங்கே இலவசப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அங்கேதான் அவர் 'அ' எழுதினார். நான் வாத்தியாரானது அந்த 'அ'வினால்."

"அது ஆல்காட்டின் புண்ணியம். அதற்கு அம்மாளின் அலமாரி எதற்கு?"

"அம்மாளின் பேச்சை நம்பாமல் ஆல்காட் துரை கப்பல் ஏறியிருப்பாரா, வக்கீல் ஸார்?"

வக்கீல் பதில் சொல்லவில்லை. நான் அவரை அறிந்த முப்பது வருஷத்தில் இது இரண்டாவது தடவை.

ஆல்காட் நினைவுப் பள்ளியின் வாசலில் மணியடித்து, பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாத்தியார் வேலி ஓரமாக நின்றார். நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் நெடுநேரம் மௌனமாயிருந்த வக்கீல் கடைசியில் என் பக்கம் திரும்பி, "அந்த மூலக் கடிதங்கள் மட்டும் கிடைத்தால்..." என்று ஆரம்பித்தார். பஸ் வந்துவிட்டது.