பிள்ளையின் பயமும் வீட்டின் வன்முறையும்

நான் படித்த காலத்தில், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையை ‘ஷெல்லடிக்குப் பயந்த பிள்ளை’ என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டுப் பார்த்த ஆய்வொன்று உண்டு. கிளவுடியா கட்டானியும் குழுவினரும் வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்டது. யுத்தமும் சுனாமியும் தாக்கிய பகுதிகளின் பிள்ளைகள் அவர்கள். அவர்களில் 95.6 வீதமானோர் வீட்டு வன்முறையில் ஏதாவதொரு வகையை அனுபவித்திருந்தார்கள். தகப்பனின் குடியும் யுத்த அனுபவமும் கூடிய இடத்தில் வீட்டு வன்முறையும் கூடியிருந்தது.

2012இல் வெளியான மற்றோர் ஆய்வு வடக்கில் 399 பிள்ளைகளிடம் நடந்தது. ஒரு பகுதியினருக்குப் பாடசாலையிலேயே 15 அமர்வுகள் வைத்தார்கள். யுத்தத்தால் வந்த அன்றாட நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளே கூடுதலாகத் தேறினார்கள். மனவடு அறிகுறிகளில், அமர்வில் இருந்த பெண் பிள்ளைகள் அமர்வுக்காகக் காத்திருந்த பெண் பிள்ளைகளை விடக் குறைவாகவே தேறினார்கள். நம் கூட்டங்களில் இதை ஏனோ எவரும் பேசுவதில்லை.

சித்திரம் கீறவிட்டு, கண்காட்சி வைத்து, அத்தோடு முடியும் வேலைத்திட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. பின்னேரம் பிள்ளை திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தானே.

எங்களிடம் வரும் சிறுமி ஒருத்தி, எல்லோரும் போன பிறகும் கதிரை அடுக்கிக்கொண்டு நிற்பாள். தாயிடம் கதைத்தேன். “குடிச்சாத்தான் மிஸ் அடிக்கிறவர், மற்றும்படி நல்ல மனிசன்” என்றார். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவித்தோம். இப்போது பிள்ளை இரவில் அம்மம்மா வீட்டில் படுக்கிறாள். தாய் இன்னமும் அந்த வீட்டில்தான். கிழமைக்கு இருமுறை போய் வருகிறேன்.