நெய்வேலி: பழைய ஒளியின் ஊர்

சென்னையிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் பண்ருட்டியைக் கடந்து, பலாவும் முந்திரியும் அடர்ந்த செம்மண் பிரதேசத்தினூடே தெற்கு நோக்கி வரும் பிரயாணிக்கு, வள்ளலார் சத்திய ஞான சபை கண்ட வடலூரை எட்டுவதற்குமுன் மேற்கே எதிர்ப்படும் மரச்செறிவு மிக்க நகரம் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது கரிய பொருளொன்று வெளிப்பட்டதும், அதன் பெருமதிப்பை உணர்ந்து அவர் நாட்டுக்காக நிலம் ஈந்ததும் இவ்வூரார் இன்றும் நன்றியுடன் எடுத்துரைக்கும் வரலாறு. காமராஜர் முதலமைச்சராயிருந்து ஊக்கிய காலத்தில், 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணுக்குப் புலப்பட்டது. மறு ஆண்டே மின்சாரம் பிறந்தது. ஜெர்மானிய இயந்திரங்கள் மண்ணை அகழ, சோவியத் நாட்டின் உதவியால் முதல் மின் நிலையம் எழுந்தது. தங்கள் வயலையும் வீட்டையும் விட்டுக்கொடுத்துப் பெயர்ந்த கிராமத்தாரின் தியாகமும் இந்த வரலாற்றின் பிரிக்க இயலாத அங்கமே.

பிளாக்குகளாக வகுக்கப்பட்ட இந்நகரின் நேரான வீதிகளில் நடப்பவர்கள், இருமருங்கும் கவிந்து நிற்கும் மரங்களையும், குவார்ட்டர்ஸ் தோட்டங்களில் மாவும் தென்னையும் செழித்திருப்பதையும் கண்டு, இது தொழில் நகரமா தபோவனமா என்று மயங்குவதுண்டு. ஆனால் இரவு வந்ததும் சுரங்கமும் அனல் மின் நிலையங்களும் ஒளிவெள்ளத்தில் மூழ்கிவிடுகின்றன. மூன்று ஷிப்டிலும் இடைவிடாது உழைக்கும் ஓர் ஊருக்கு அந்த வெளிச்சம் இன்றியமையாதது. அதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், தென்னாட்டின் பல லட்சம் வீடுகளுக்கு விளக்கேற்றும் இவ்வூரில் பிறந்து வளரும் குழந்தை, தன் தலைக்குமேல் உள்ள நட்சத்திரங்களில் மிகப் பிரகாசமான சிலவற்றை மட்டுமே அறிந்து பெரியவனாகிறான் என்பது சிந்திக்கத்தக்கது.

இத்தனைக்கும், ஆகாயத்தின் காலக்கணக்கைக் கற்றுக்கொள்ள நெய்வேலியைவிடத் தகுந்த பாடசாலை அரிது. ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை அகற்றி, அடியிலிருந்து பீறிட முயலும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்து, அதன்பின் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரியின் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கல்லைப்போல் கனப்பதில்லை, காய்ந்தால் விரிசல் கண்டு உதிர்கிறது, சில துண்டுகளில் மரத்தின் இழைவரிகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குமுன் இங்கே தழைத்திருந்த வனம் பருகிய சூரிய ஒளியே இத்துண்டில் உறைந்திருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிகத் தொலைவான பொருள்களுள் ஒன்றாகிய ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அது புறப்பட்ட காலத்திலேயே நெய்வேலியின் நிலக்கரி முதுமை எய்திவிட்டது!

இந்த உண்மையைக் கண்ணால் கண்டு உணர விரும்பும் நெய்வேலிக் குடும்பங்கள் செல்லத்தக்க இடம் ஜவ்வாது மலை. பண்ருட்டி, திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறி, அப்பால் வனத்தினிடையே காவலூரை அடையலாம். கடல் மட்டத்திற்கு 725 மீட்டர் உயரத்தில், நகரங்களின் ஒளி எட்டாத இருளை நாடி 1960களின் இறுதியில் அங்கே வானாய்வகம் நிறுவப்பட்டது; அதன் கர்த்தாவான வைணு பாப்புவின் பெயரை இன்று தாங்கி நிற்கிறது. யுரேனஸ் கிரகத்தைச் சூழ்ந்த வளையங்கள் கண்டறியப்பட்ட 1977-இல் அப்பணியில் பங்கேற்ற பெருமையும், 1986-இல் நம் நாட்டிலேயே உருவாக்கி நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டிருக்கும் பெருமையும் அதற்கு உண்டு.

யாத்திரைக்குத் தை அமாவாசையை ஒட்டிய நாட்களே உத்தமம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும், நிலவின் குறுக்கீடும் இராது. ஆய்வகத்தில் பொதுமக்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். காப்புக்காட்டில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்கலாகாது. வனச்சரக அலுவலகத்தில் அனுமதி பெற்றோ, ஜமுனாமரத்தூரில் விடுதி அமர்த்திக்கொண்டோ தங்குவதே முறை. சருகு உலர்ந்திருக்கும் பருவமாதலால் அடுப்பு மூட்டும் எண்ணத்தை அறவே விட்டு, புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிச் செல்வது விவேகம். கம்பளி, தரையில் விரிக்கப் பாய், சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச் ஆகியவை அவசியம். கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் ஆகுமாதலால் அதற்கிடையில் கைப்பேசியைத் திறப்பது அத்தனை பொறுமையையும் வீணாக்கிவிடும்.

இருட்டியதும் முதலில் வடமேற்கில் ஆண்ட்ரோமீடாவின் மங்கிய புகைத்திட்டைத் தேடுங்கள். தாமதித்தால் அது தாழ்ந்துவிடும். பிறகு கார்த்திகையின் கொத்தையும், ரோகிணியையும், செந்நிறத் திருவாதிரையையும் தாத்தா பாட்டிமார் பெயர் சொல்லிக் காட்டட்டும். பஞ்சாங்கத்தில் படித்த பெயர்களுக்கு அன்றுதான் குழந்தைகள் உருவம் காண்பார்கள். தெற்கே அகத்திய மீன் சுடர்விடும். பின்னிரவில் விழித்திருப்போர்க்குத் தென்சிலுவையும் காட்சி தரும்.

புத்தகக் கண்காட்சியை ஆண்டுதோறும் திருவிழாவாக நடத்தும் இவ்வூர்ப் பெருமக்களுக்கு, ஒரு பேருந்தில் மாணவர்களை ஆண்டுக்கொருமுறை மலைக்கு அழைத்துச் செல்வது பெரிய காரியமன்று. பள்ளிகளும் பிளாக்குகளின் நலச் சங்கங்களும் இதைக் கடமையாக மேற்கொள்ளவேண்டும். புறப்படுமுன் ஒவ்வொரு மாணவனும் சுரங்கத்தின் விளிம்பில் நின்று நிலக்கரியின் வயதைக் கேட்டறியட்டும்; காலடியில் உள்ளதன் தொன்மையை அறிந்தவனுக்கே மேலே உள்ளதன் தொன்மையும் விளங்கும், அந்த அறிவை அளிக்கும் தகுதி நெய்வேலிக்கு நிறைவாக இருக்கிறது.