விளக்கோடு போன சிறுவன்

கியோட்டோவிலிருந்து புறப்படும் சகானோ பாதை ரயில் ஹோசு ஆற்றுப் பள்ளத்தாக்கில் கண்ணாமூச்சி ஆடுகிறது. சுரங்கம், பாலம், மறுபடி சுரங்கம். இருட்டுக்குக் கண் பழகுவதற்குள் கீழே ஆறு தெரிந்து மறைகிறது. அதைத் தாண்டினால் வயல்களும் தாழ்ந்த மலைகளும் சூழ்ந்த சொனோபே. 2006இல் அக்கம்பக்கத்து ஊர்களோடு சேர்ந்து நான்டான் நகரமாகிவிட்ட இந்தச் சிற்றூரில் 1952இல் பிறந்தவர் ஷிகேரு மியாமோட்டோ.

பெயர் பலருக்குத் தெரியாது. மீசைக்கார பிளம்பர் மரியோ என்றால் தெரியும். 1990களில் இந்திய வீடுகளில் டிவியோடு இணைத்த மலிவுப் பெட்டிகளில்தான் பிள்ளைகள் அவனைச் சந்தித்தார்கள். பச்சைக் குழாய்மேல் நின்று ஏதோ ஞாபகத்தில் கீழ்ப் பொத்தானை அழுத்த, மரியோ உள்ளே இறங்கிவிடுவான். பாதாளத்தில் வரிசையாகத் தங்கக் காசுகள்! மறுநாள் வகுப்பில் அந்த ரகசியம் தெரிந்தவனுக்குத் தனி மவுசு.

அந்தப் பாதாளத்தின் வாசல் சொனோபேயில் இருக்கிறது. மலையில் சுற்றித் திரிந்த சிறுவன் மியாமோட்டோ ஒரு குகையைக் கண்டான். உடனே நுழையத் துணிவில்லை. பிறகு ஒருநாள் விளக்கோடு வந்து உள்ளே போனான். 1986இல் வெளியான 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா'வின் முதல் காட்சியிலேயே ஒரு குகை வாய் கறுப்பாகத் திறந்திருக்கிறது. நுழைவதும் நுழையாததும் ஆடுபவர் இஷ்டம். நுழைந்தால் ஒரு கிழவர் வாள் தருவார்.

'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' முடியும்போது படைத்தவர்களின் பெயர்ப் பட்டியலே கிடையாது. செல்டாவில் உண்டு. ஆனால் இயக்குநர் என்று அதில் வருவது எஸ். மியாஹோன் என்ற புனைபெயர்.