முடுக்கினால் வருவதும் வராததும்

சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் நின்று கிராபிக்ஸ் கார்டு கேட்டாலும் முதலில் வரும் கேள்வி, "பட்ஜெட் எவ்ளோ சார்?" தொகையைச் சொன்னதும் இரண்டு மூன்று பெட்டிகள் கண்ணாடி மேசைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரோபோவோ டிராகனோ முறைத்துக்கொண்டிருக்கும். "ஃபோர் ஜிபி சார், எல்லா கேமும் ஓடும்" என்பார் கடைக்காரர். முழுப் பொய்யில்லை, பெரும்பாலான கேம்கள் ஓடத்தான் செய்யும். எப்படி ஓடும் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. சில கடைக்காரர்கள் மட்டும் இரண்டாவதாக ஒன்று கேட்பார்கள்: "எஸ்எம்பிஎஸ் என்ன போட்டிருக்கீங்க?" கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்கிறவரிடம் தைரியமாக வாங்கலாம் என்பது என் அனுபவம்.

2019-இல் அக்கா மகனுக்கு ஒரு கார்டு வாங்கப் போனபோது எங்கள் தொகைக்குள் இரண்டு பெட்டிகள்தான் நின்றன. ஒன்று என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. மற்றது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570. முதல் கார்டுக்குத் தனி மின் இணைப்பு தேவையில்லை. மதர்போர்டின் ஸ்லாட் கொடுக்கிற 75 வாட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்திவிடும். இரண்டாவது 150 வாட் கேட்கும். அதற்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி கேபிள் போக வேண்டும். அவனுடைய பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த கேபிளே கிடையாது. கார்டோடு அதையும் மாற்றினால் கணக்கு மேலே போகும்.

"மாமா, 1050 டிஐ வாங்கி ஓவர்கிளாக் பண்ணிட்டா 570 அளவுக்கு வந்துடாதா?" என்றான்.

சிப்பின் கடிகாரத்தை, அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் முடுக்குவதுதான் ஓவர்கிளாக். நல்ல கேள்வி. மலிவு விலைக் கார்டு வாங்குகிற எல்லோர் மனத்திலும் இருக்கும் கேள்வியும் அதுதான். வராது என்பதே பதில். ஏன் வராது என்று புரிந்துகொண்டால் எந்தக் கார்டை வாங்குவது என்ற குழப்பமும் பாதி தீர்ந்துவிடும்.

கார்டின் வேகத்தைச் சிப்பின் கடிகாரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் எவ்வளவு வேகமாகச் சமைத்தாலும் பரிமாற நான்கே பேர் இருந்தால் இலைகள் காத்துக்கொண்டுதான் கிடக்கும். கார்டில் பரிமாறுகிற வேலை மெமரியுடையது. 1050 டிஐயில் மெமரிப் பாதையின் அகலம் 128 பிட், ஆர்எக்ஸ் 570-இல் 256 பிட். ஒரு நொடியில் முன்னது 112 ஜிபி தகவலைக் கடத்தும், பின்னது 224 ஜிபி. ஓவர்கிளாக் செய்து இதில் பத்து சதவீதம் கூட்டலாம். இரண்டு மடங்காக்க எந்த மென்பொருளாலும் ஆகாது. பாதையின் அகலம், மெமரியின் அளவு, கணக்குப் போடும் அலகுகளின் எண்ணிக்கை ஆகியவை தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டுவிட்ட தலையெழுத்து. கடிகார வேகம், வோல்டேஜ், விசிறியின் சுழற்சி ஆகிய மூன்றும்தான் நம் கைக்கு வருபவை.

ஆகவே வாங்கும்போது, பின்னால் மாற்ற முடியாததைப் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பவை பெரும்பாலும் மாற்றக்கூடியவை, அல்லது வெறும் பெயர். பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜிடி 1030-ஐக் காட்டலாம். 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தபோது நொடிக்கு 48 ஜிபி கடத்தியது. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 மெமரி வைத்த கார்டு ஒன்று வந்தது. அதனால் முடிந்தது 17 ஜிபிக்கும் சற்றுக் குறைவு. பெயர் ஒன்று, சரக்கு வேறு. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னொரு பாடம். கடிகாரம் 2,800 மெகாஹெர்ட்ஸ் வரை எகிறும். ஆனால் மெமரிப் பாதை 64 பிட், மெமரி 4 ஜிபி, மதர்போர்டோடு பேச நான்கே தடங்கள். பழைய பிசிஐஇ 3.0 போர்டில் செருகினால் அந்தத் தடங்களின் வேகமும் பாதியாகிவிடும். 4 ஜிபி நிரம்பி வழியத் தொடங்கும் கேம்களில் அது நன்றாகவே தெரியும். கடிகாரத்தை மட்டும் முடுக்கி என்ன செய்வது?

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு வேறொரு கவலை உண்டு. 2018-இல் கிரிப்டோ சந்தை சரிந்தபோதும், 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்டபோதும், மைனிங்கில் இரவு பகலாக உழைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. இவற்றில் பல ஏற்கெனவே யாரோ ஒருவர் முடுக்கிவிட்டவை. பயாஸை மாற்றி, மெமரியை இறுக்கி, அப்படியே கைமாற்றிவிடுவார்கள். பழைய சிப்பின் பயாஸைத் திருத்தி 1050 டிஐ என்று பெயர் காட்டுகிற போலிகளும் உண்டு. விற்பவர் முன்னாலேயே கார்டை மாட்டி ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்ப்பது மரியாதைக் குறைவாகாது. விசிறியை விரலால் மெல்லச் சுற்றிப் பார்ப்பதும் அப்படித்தான். மாதக்கணக்கில் நிற்காமல் ஓடிய கார்டில் முதலில் தேய்வது விசிறியின் பேரிங்.

நாங்கள் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி 570-ஐயே வாங்கினோம். அடுத்த வாரமே அவன் ஆஃப்டர்பர்னர் என்ற ஓவர்கிளாக் மென்பொருளை இறக்கி வைத்துக்கொண்டு போன் செய்தான். ஓவர்கிளாக்கில் வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். கோர் கடிகாரத்தை 10, 20 மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஹெவன் போன்ற ஒரு பெஞ்ச்மார்க்கைச் சுற்றவிட்டு, திரையில் புள்ளியோ கீறலோ விழுகிறதா, டிரைவர் கவிழ்கிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் இரண்டு படி இறங்க வேண்டும். ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு கார்டுகள் ஒரே உயரம் ஏறுவதில்லை. அது சிப் பிறந்த நேரம். மெமரியில் மட்டும் ஒரு தந்திரம் இருக்கிறது. ஜிடிடிஆர்5 தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் தகவலை மறுபடி அனுப்பும். அதனால் அளவுக்கு மீறி ஏற்றினாலும் திரை சுத்தமாகவே தெரியும். ஆனால் பெஞ்ச்மார்க் மதிப்பெண் குறையத் தொடங்கும். கண் ஒன்று சொல்லும், எண் வேறு சொல்லும். எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

இத்தனை செய்து கிடைப்பது எவ்வளவு? நொடிக்கு 50 ஃபிரேம் வந்த இடத்தில் 54. 1998-இல் 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ சிப்பை, பஸ் வேகத்தை 66-இலிருந்து 100-க்கு மாற்றியே 450-க்கு ஓட்டினார்கள். விலைக்கு மேல் பாதி வேகம் இனாம். அந்தக் காலம் போய்விட்டது. 2012-இல் ஜிடிஎக்ஸ் 680-ஓடு ஜிபியு பூஸ்ட் வந்த பிறகு, வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை கார்டு தன்னைத் தானே முடுக்கிக்கொள்கிறது. தொழிற்சாலை முன்பு விட்டுவைத்ததை இப்போது அதுவே எடுத்துக்கொள்கிறது. நமக்கு மிஞ்சுவது அடிவண்டல்தான்.

ஆனால் நம் ஊரில் அந்த அடிவண்டலை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். குளிரூட்டிய அறையில் கார்டைச் சோதித்து யாரோ எழுதிய வெப்ப அளவு, அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறைக்குப் பொருந்தாது. அறை பத்து டிகிரி கூடினால் கார்டும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடும். விசிறி ஹெலிகாப்டராகிவிடும். அதனால் நாங்கள் வேகத்தை ஏற்றுவதை விட்டு வோல்டேஜை இறக்கினோம். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு நடக்கும் என்பது பாடப் புத்தகத்தில் உள்ளதுதான். 1.15 வோல்ட்டை 1.05 ஆக்கினால், அதே கடிகாரத்தில் சிப்பின் இயக்கச் செலவு ஆறில் ஒரு பங்கு குறையும். அதே கேம், அதே ஃபிரேம், சத்தம் குறைவு. பக்கத்து அறையிலிருந்த அக்காவுக்குப் புரிந்த ஒரே முன்னேற்றமும் அதுதான்: "இப்பதான் கம்ப்யூட்டர் கத்தாம இருக்கு."

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பல கேம்களில் நிழலின் தரத்தை அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்கினால், ஒரு மாலை முழுக்க ஸ்லைடரை நகர்த்திச் சம்பாதித்ததைவிட அதிக ஃபிரேம் கிடைக்கும். அப்புறம் எதற்கு இந்த மெனக்கெடல் என்றால், தன் கார்டு எங்கே திணறுகிறது, வெப்பத்திலா, மின்சாரத்திலா, மெமரியிலா என்று இதைச் செய்து பார்த்தவனுக்குத் தெரியும். அடுத்த கார்டு வாங்கும்போது பெட்டியில் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

அண்மையில் மறுபடி ரிச்சி தெருவுக்குப் போனபோது ஒரு பெட்டியைக் காட்டி, "இது ஓசி எடிஷன் சார், கொஞ்சம் கூட ஆகும்" என்றார் கடைக்காரர். ஓசி என்றால் ஓவர்கிளாக். அதே சிப், அதே மெமரி, கடிகாரத்தில் மட்டும் முப்பது சொச்சம் மெகாஹெர்ட்ஸ் கூடுதல். பக்கத்தில் நின்ற அக்கா மகன் என்னை முந்திக்கொண்டான்: "சாதாரணமானதே குடுங்கண்ணே. ஓசிய நாங்க ஓசியிலயே பண்ணிக்கறோம்."